உழவு இயந்திரத்தின் பின்புறக் கண்ணாடி



மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, வாழைச்சேனையை அடுத்து அமைந்திருப்பது ஓட்டமாவடி. புகைவண்டியும் மோட்டார் வண்டியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒரே இரும்புப் பாலத்தின் மேல் நெடுங்காலம் சென்றுவந்த ஊர் என இதனைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். இன்று வீதிக்கெனத் தனிப் பாலம் அமைந்துவிட்டது. ஊரின் ஒரு புறம் வாவி. மறுபுறம், வாகனேரிக் குளத்து நீரையும் மாரி மழையையும் நம்பிக் கிடக்கும் வயல்வெளி. வாவியை நம்பியோர் தோணியையும் வலையையும் பேணுவது போலவே, வயலை நம்பியோர் உழவு இயந்திரத்தைப் பேணுகின்றனர். தோணிக்குப் பலகை மாற்றும் கைகளும் இயந்திரத்துக்கு ஆணி முறுக்கும் கைகளும் ஒரே தெருவில் இருப்பது இவ்வூருக்கு வாய்த்த வசதி.

எருமைகளை வட்டமாக நடத்தி வயலை மிதிப்பித்துச் சேறாக்கிய காலம் இப்பகுதி முதியோரின் நினைவில் இன்னும் முற்றாக அழியவில்லை. 1950-களிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் நாற்சக்கர உழவு இயந்திரங்கள் இலங்கையின் வயல்களிற் பெருகின. 1957-இல் வெளிவரத் தொடங்கிய மாசி பேர்கசன் 35 என்னும் இயந்திரத்தின் பெயரை அறியாத உழவர் அரியர். அவ்வியந்திரங்களில் ஓட்டுபவருக்கு ஓர் இரும்பு இருக்கை மாத்திரமே உண்டு. வெயிலுக்குத் தலைப்பாகை, மழைக்கும் அதே தலைப்பாகை. சிலர் நாற்புறமும் குழாய் நட்டு, மேலே கித்தான் கட்டிக்கொண்டனர். அதற்கு மேல் எவரும் விரும்பியதில்லை, விரும்பினாலும் கிடைத்ததில்லை.

ஓட்டுநரைச் சுற்றி ஒரு கூண்டு அமைக்கும் எண்ணம் குளிர் நாடுகளில் எழுந்தது. அங்கும் அதன் பெருங்காரணம் குளிர் அன்று, மரணம். சரிவான நிலத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் இயந்திரம் கவிழ்ந்து, அதன் அடியில் நசுங்கி மாண்டோர் பலர். புதிதாக விற்கப்படும் உழவு இயந்திரங்களில், கவிழ்ந்தாலும் நசுங்காத இரும்புச் சட்டம் இருத்தல் வேண்டும் என 1959-இல் முதன்முதலாகச் சட்டம் செய்த நாடு சுவீடன். பிரித்தானியாவில் 1970 முதல் அத்தகைய விதி நடைமுறைக்கு வந்தது. இரும்புச் சட்டம் வந்தபின், அதன் இடைவெளிகளைக் கண்ணாடியால் அடைத்தல் இயல்பாகவே தொடர்ந்தது. ஆகவே, கூண்டு என்பது முதலில் உயிர்காக்கும் கவசம். பின்னரே நிழலும் குளிர்ச்சியும் தரும் அறை. இந்த ஒழுங்கு மறக்கப்படும்போது நேரும் தவறு ஒன்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

இலங்கைக்குப் பாவித்த நிலையில் வந்து சேர்ந்த யப்பானியச் சிறு உழவு இயந்திரங்களுட் சில, கூண்டுடன் கூடியவை. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனவே செய்யப்பட்ட மாதிரிகள் இவற்றுட் பல. என்ஜின் உறுப்புகளை எவ்வாறேனும் தேடிப் பிடிக்கலாம். கதவுக் கண்ணாடி, பின்புறக் கண்ணாடி ஆகியவற்றுக்கோ உதிரிப்பாகப் பட்டியலே கைக்கு எட்டுவதில்லை. 2020-இல் வாகன இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடும், 2022-இல் நாடு கண்ட அந்நியச் செலாவணி நெருக்கடியும், உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் பழக்கத்தைக் கராஜ்களில் மேலும் வளர்த்துவிட்டன.

கச்சான் காற்று ஓயும் புரட்டாதி மாதத்தில், அத்தகைய ஓர் இயந்திரம் ஓட்டமாவடிக் கராஜ் ஒன்றின் முன்னே வந்து நின்றதாக எண்ணிக்கொள்ளலாம். பெரும்போகத்துக்குப் புழுதி உழவு நடந்துகொண்டிருக்கிறது. ரொட்டரி என்று வழங்கும் சுழற் கலப்பையின் பின்மூடி தேய்ந்து ஓட்டை விழுந்திருக்க, அதன் வழியே எகிறிய ஒரு சிறு கல் பின்புறக் கண்ணாடியின் ஓரத்தைத் தட்டியது. தட்டிய இடத்தில் விரிசல் ஒன்றும் ஓடவில்லை. கண்ணாடி முழுவதுமே ஒரே கணத்தில் கற்கண்டுத் துண்டுகள் போல நொறுங்கிக் கொட்டிவிட்டது. ஓட்டியவருக்கு முதுகிலே சிறு கீறல்களன்றி வேறு காயமில்லை.

அன்றைய உழவை அவர் முடிக்கத்தான் முயன்றார். ஆனால், பின்புறம் திறந்த கூண்டு, கூண்டே இல்லாத இயந்திரத்தினும் கொடியது. கலப்பை கிளப்பும் புழுதி உள்ளே நுழைந்து, வெளியேற வழியின்றிச் சுழல்கிறது. பொலித்தீன் தாளை ஒட்டிப் பார்த்தார். அது படபடத்துக் கிழிந்ததோடு, பின்னே கலப்பை எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதையும் மறைத்துவிட்டது. உழவனின் கண் பாதி நேரம் முன்னேயும் பாதி நேரம் பின்னேயும் இருத்தல் வேண்டும். கன்னக் கூட்டத்திலே தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பின் கடைசி நாளும் குறித்தாயிற்று. ஒரு கண்ணாடிக்காக அந்நாள்கள் தள்ளிப்போவதில்லை.

கராஜுக்கு அடுத்த கடையில் மரவேலை செய்யும் ஓடாவியாரிடம் அந்த இளைஞர் கேட்டார்: "ஊட்டு ஜன்னலுக்குப் போடுற கண்ணாடிய வெட்டிப் போட்டா என்ன காக்கா?"

"அது ஒடஞ்சா கத்தி தம்பி. ஒன்ட கழுத்துக்கு நேரா இரிக்கும்," என்றார் ஓடாவியார்.

இவ்விரு வாக்கியங்களில் கண்ணாடியியலின் பெரும்பகுதி அடங்கிவிட்டது எனலாம். வீட்டு ஜன்னற் கண்ணாடி, உருகிய நிலையிலிருந்து மெல்ல ஆறவிடப்பட்டது. அதில் உள்ளழுத்தம் கிடையாது. ஆதலால் அதை வைர முனையாற் கீறி வேண்டியவாறு வெட்டலாம். உடையும்போது நீண்ட கூரிய ஈட்டிகளாக உடையும். வாகனக் கதவுகளுக்கும் இக்கூண்டுகளுக்கும் இடப்படுவதோ உறுதியூட்டிய கண்ணாடி. கண்ணாடித் தகட்டை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் குளிர்காற்றை வேகமாக ஊதி ஆறவைக்கின்றனர். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர் ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. இவ்வாறு மேற்பரப்பு எந்நேரமும் நெருக்கப்பட்ட நிலையிலும், உட்பகுதி எந்நேரமும் இழுபட்ட நிலையிலும் இருந்துவருகின்றன. வளைப்பதையும் மோதுவதையும் இக்கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடப் பலமடங்கு தாங்குவது இதனால்தான். அந்த நெருக்கத்தைத் துளைத்து உட்பகுதியை எட்டும் காயம் ஒன்று பட்டுவிட்டாலோ, அடக்கிவைத்த இழுவை முழுவதும் ஒருங்கே விடுபட்டு, தகடு முழுதும் சிறு துணுக்குகளாகிவிடுகிறது. தகட்டின் முகத்தைவிட ஓரமே மென்மையான இடம். இளைஞரின் முதுகில் கீறல் மாத்திரம் விழுந்ததன் இரகசியம் இதுவே.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று கராஜ்காரருக்கு மிக முக்கியமானது. உறுதியூட்டிய பின்னர் அக்கண்ணாடியை வெட்டவும் இயலாது, துளைக்கவும் இயலாது. வேறொரு வாகனத்தின் பெரிய கண்ணாடியை வாங்கிச் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர், கீறல் விழுந்த அக்கணமே கைநிறையத் துணுக்குகளைப் பெறுவர். முதலில் சரியான அளவில் வெட்டி, பிணைச்சல்களுக்கும் கைபிடிக்கும் துளையிட்டு, ஓரங்களை உரசி மழுக்கிய பிறகே தகடு உலைக்குள் செல்லவேண்டும். அதாவது, அளவு தவறினால் திருத்த வழியில்லை. கொழும்பில் செய்வித்து எடுப்பதாயின், கொழும்புக்குப் போகவேண்டியது அளவைக் குறித்த காகிதம் அன்று. அளவே உருக்கொண்ட அச்சுப் பலகை ஒன்று.

அச்சுப் பலகை செய்வதில்தான் ஓடாவியாரின் கை வேலைக்கு வந்தது. பலர் மீற்றர் நாடாவைப் பிடித்து அகலம், உயரம் என்று இரண்டு எண்களை எழுதிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். கூண்டின் பின்சட்டமோ மேலே குறுகிக் கீழே அகன்று, மூலைகள் வளைந்து, பெரும்பாலும் ஒரு பக்கம் அடிபட்டுச் சற்றே கோணலாகவும் இருக்கும். ஓடாவியார் தடித்த காட்போட் மட்டையைச் சட்டத்தின் மேல் அழுத்திப் பிடித்து, றப்பர் பட்டி படியும் விளிம்பைப் பென்சிலால் வரைந்து வெட்டினார். வெட்டிய மட்டையை மறுபக்கம் திருப்பி அதே சட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு மூலையில் விரலளவு இடைவெளி தெரிந்தது. சட்டம் இருபுறமும் ஒத்ததன்று என்பதற்கு அதுவே சான்று. உடனே மட்டையின் மேல் 'வெளிப்பக்கம்' என்று எழுதிவைத்தார். அவ்வொரு சொல்லை எழுத மறந்தமையால் பாழான கண்ணாடிகள் எத்தனையோ!

பின்னர், மட்டையைப் பார்த்து மெல்லிய ஒட்டுப்பலகையில் ஒரு போலிக் கண்ணாடி அறுக்கப்பட்டது. பிணைச்சல்களை அதிலே பொருத்தி, திறந்தும் மூடியும் பார்த்தனர். மட்டை காட்டாத ஒரு குற்றத்தைப் பலகை காட்டிற்று. பலகை மூடும்போது கீழ்விளிம்பு கூண்டின் இரும்பில் உராய்ந்தது. இரண்டு மில்லிமீற்றர் சீவ வேண்டியதாயிற்று. மரத்திலே இரண்டு மில்லிமீற்றர் சீவுவது ஒரு நிமிட வேலை. உறுதியூட்டிய கண்ணாடியில் அது செய்யவே முடியாத வேலை.

கொழும்பு போய்வரும் நாள்கள் கைவசம் இல்லை. எனவே, கண்ணாடியை விடுத்துப் பிளாஸ்ரிக் தகட்டை நாடினர். இவ்விடத்தில் இருவகைத் தகடுகளை ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். அக்கிரிலிக் எனப்படும் பேர்ஸ்பெக்ஸ் தகடு கண்ணாடியினும் தெளிவானது. வெயிலில் எளிதில் மஞ்சளாகாது. ஆனால் பலத்த அடி விழுந்தால் கூரிய துண்டுகளாக உடையும். 1953-இல் செர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட பொலிகாபனேற் தகடோ சுத்தியல் அடிக்கும் உடையாதது, வளைந்து கொடுப்பது, எனினும் எளிதிற் கீறல் விழுவது, காப்புப் பூச்சு இல்லையேல் வெயிலில் மஞ்சளிப்பது. அப்பூச்சு சில தகடுகளில் ஒரு பக்கம் மாத்திரமே உண்டு. எப்பக்கம் என்பது மேலே ஒட்டிய மென்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அம்மென்தாளை முதலிலேயே உரித்தெறிந்துவிட்டு, பிறகு எப்பக்கம் வெயிலுக்கு என்று தலையைச் சொறிவது கராஜ்களில் வழக்கமான காட்சி. கூரைக்கென விற்கும் உட்துளைகள் கொண்ட தகடும் பொலிகாபனேற்றே. ஆயினும் அதன் வழியே கலப்பையைப் பார்க்க இயலாது.

கையில் உடனே கிடைத்தது ஐந்து மில்லிமீற்றர் அக்கிரிலிக். அதனை அறுத்து, பிணைச்சல் ஆணிகள் இறுக்கமாக நுழையும் அளவுக்கே துளையிட்டு, நன்றாக முறுக்கிப் பூட்டினர். காலையில் அது மாப்பிள்ளை போல் மின்னிற்று. நண்பகலில் தகடு நடுவே புடைத்தது. மூன்றாம் நாள் ஒரு துளையிலிருந்து விரிசல் புறப்பட்டு மூலைவரை ஓடிவிட்டது. இளைஞர் தகட்டை விற்ற கடையைத் திட்டினார். உண்மையில் கடைக்கு அதில் பங்கில்லை.

சூட்டினால் எப்பொருளும் விரியும். ஆனால் ஒரே அளவில் விரிவதில்லை. தொண்ணூறு சென்ரிமீற்றர் அகலமுள்ள கண்ணாடி, விடியற்காலையின் 22 பாகையிலிருந்து வெயிலில் 60 பாகை வரை சூடேறினால், ஏறத்தாழ மூன்றிலொரு மில்லிமீற்றர் விரியும். அதே அகலமுள்ள அக்கிரிலிக்கோ இரண்டரை மில்லிமீற்றருக்கு அணித்தாக விரியும். பொலிகாபனேற்றும் ஏறக்குறைய அவ்வளவே. விரிய இடம் கொடாமல் ஆணி பிடித்துக்கொண்டால், தகடு ஒன்று புடைக்க வேண்டும், அன்றேல் பிளக்க வேண்டும். ஆதலால் துளைகள் ஆணியைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் பெரியனவாய் இருத்தல் வேண்டும். ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே றப்பர் வாசர் இடவேண்டும்; தகடு நழுவ இடமிருக்கும்படி அளவாக முறுக்கவேண்டும். துளை ஓரத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுக்கவேண்டும். கூரிய துளையோரமே விரிசலின் பிறப்பிடம். இருப்பு வேலையில் பழகிய கைக்கு 'அளவாக முறுக்கு' என்பதே கடினமான பாடம். அக்கை எதனையும் கடைசிவரை முறுக்கியே பழகியது.

இரண்டாம் முறை ஆறு மில்லிமீற்றர் பொலிகாபனேற் வருவிக்கப்பட்டது. இங்கே புதிய சிக்கல் ஒன்று தோன்றிற்று. பின்புறக் கண்ணாடி மேலே பிணைச்சலில் தொங்கி, இருபுறமும் வாயு நிரம்பிய இரு தண்டுகளால் உயர்த்தப்படுவது. அத்தண்டுகள் கண்ணாடியின் பாரத்துக்கென அமைந்தவை. தொண்ணூறுக்கு அறுபது சென்ரிமீற்றர் அளவும் ஐந்து மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கண்ணாடி ஏழு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறுக்கும். ஆறு மில்லிமீற்றர் பொலிகாபனேற் நான்கு கிலோகிராமும் இல்லை. போதாக்குறைக்கு, பொருளளவில் கண்ணாடியின் விறைப்பில் முப்பதிலொரு பங்குதான் பொலிகாபனேற்றுக்கு உண்டு. தண்டுகள் இருபுறமும் தள்ள, கைபிடி நடுவே பிடித்திழுக்க, தகடு வில்லாக வளைந்து இரு கீழ் மூலைகளிலும் வாய் திறந்தது. மழை பெய்தால் தண்ணீர் நேரே இருக்கைக்கு வந்து சேரும்.

இதற்கு இருவர் இரு பரிகாரம் கூறினர். ஒட்டு வேலை செய்பவர் மொழிந்தது மிக எளிது: தண்டுகளைக் கழற்றிவிட்டு, தகட்டை நாற்புறமும் ஆணியடித்துச் சட்டத்தோடு நிரந்தரமாக இறுக்கிவிடுவது. திறக்காது, ஒழுகாது, ஓசையெழாது. செலவும் குறைவு. பல இயந்திரங்களில் இவ்வாறே செய்யப்பட்டும் வருகிறது. இளைஞரும் இசைந்துவிட்டார்.

ஓடாவியார் இசையவில்லை. அவர் இயந்திரக் கலை பயின்றவரல்லர். ஆனால் தோணி கட்டியவர். கவிழ்வதென்றால் என்ன என்பதை அறிந்தவர். வயலோரத்து வாய்க்கால் வரம்பு இடிந்து இயந்திரம் பக்கவாட்டிற் சாய்ந்தால், ஒரு கதவு நிலத்தோடு அழுந்திவிடும். மற்றக் கதவு தலைக்கு மேலே போய்விடும். அதைத் தூக்கித் திறந்து ஏறுவது காயம்பட்டவனால் ஆகாத காரியம். வாய்க்காலில் தண்ணீர் இருந்தாலோ, சொல்லவே வேண்டாம். அப்போது எஞ்சியிருக்கும் வழி பின்புறக் கண்ணாடி ஒன்றே. கூண்டு அமைத்தோர் அதனைத் திறக்கும்படி வைத்தது காற்றுக்காக மாத்திரம் அன்று. பழைய கண்ணாடியாயின், திறக்காவிட்டாலும் ஓரத்தில் ஓங்கி அடித்து நொறுக்கிக்கொண்டு வெளியேறலாம். பொலிகாபனேற் அதற்கும் இடங்கொடாது. உடையாமை அதன் சிறப்பு. அடைபட்டவனுக்கு அச்சிறப்பே பகை. நசுங்காமற் காக்க வந்த இரும்புச் சட்டத்தை, ஒரு பிடி ஆணிகளால் பெட்டியாக்கி மூடுவது எவ்வளவு பேதைமை!

ஆகவே இரண்டாவது பரிகாரம் நடந்தது. அலுமினியப் பட்டையால் நாற்புறச் சட்டம் ஒன்று வளைத்து, தகட்டை அதன் நடுவே, விரிய இடம்விட்டு, றப்பர் பட்டியோடு அமர்த்தினர். பிணைச்சலும் தண்டும் கைபிடியும் தகட்டைத் தொடாமல் சட்டத்திலேயே பூட்டப்பட்டன. இதனால் விறைப்பு வந்தது. குறைந்த பாரத்தில் ஒரு பங்கும் ஈடாயிற்று. ஆணித்துளைகளால் தகடு பிளக்கும் அச்சமும் நீங்கிற்று. உப்புக்காற்று எட்டும் ஊராதலால் துருவேறா உருக்கு ஆணிகளையே இட்டனர். சாதாரண இரும்பாணி உப்பீரத்தில் விரைவில் துருப்பிடிக்கும் என்பதைத் தோணி வேலை செய்வோர் அறிவர். தண்டுகளின் விசை இன்னும் சற்று மிகுதியாகவே இருந்தது. தண்டு சட்டத்தைப் பிடிக்கும் இடத்தைப் பிணைச்சல் பக்கமாக ஓரிரு விரலளவு நகர்த்தியதும் அது அடங்கிற்று.

கைபிடியில் ஒரு மாற்றம் செய்தனர். பழைய கைபிடி உள்ளிருந்து மாத்திரம் திருகத்தக்கது. மயங்கிக் கிடப்பவனை எடுக்க வருபவன் வெளியில் நிற்பான் அன்றோ? பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய, இருபுறமும் திருகத்தக்க பூட்டு அவ்விடத்தில் அமைந்தது. இவ்வேலையில் மிகுந்த நேரத்தை விழுங்கியது இதுவே. கண்ணுக்குத் தெரியாததும் இதுவே.

பேணும் முறையும் கண்ணாடிக்கு வேறு, இத்தகட்டுக்கு வேறு. புழுதி படிந்த தகட்டை உலர்ந்த துணியால் துடைத்தால், மணலால் தேய்த்ததற்கு ஒப்பாகும். ஒரே போகத்தில் பார்வை மங்கிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவி, பின்னர் சோப்பு நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தல் வேண்டும். கறை போக்கப் பெற்றோலோ தின்னரோ தொட்டால் தகட்டில் மயிரிழை வெடிப்புகள் படரும். கராஜில் கை கழுவுவதற்கே பெற்றோலை எடுப்பவர்களுக்கு இதை இருமுறை சொல்லவேண்டும். பின்மூடி தேய்ந்த ரொட்டரியை ஒட்டு வேலைக்காரரே, தம் யோசனை ஏற்கப்படாத வருத்தம் தீர, நல்ல தகடு வைத்து அடைத்துக் கொடுத்தார்.

நேரமும் செலவும் சேர்த்துக் கணக்கிட்டால், கொழும்பில் செய்வித்த உறுதியூட்டிய கண்ணாடியே நீண்டகாலத்துக்கு மேலானது என்பதில் ஐயமில்லை. அது கீறல்படாது, மஞ்சளிக்காது, ஆபத்தில் நொறுக்கவும் ஆகும். ஓடாவியாரின் ஒட்டுப்பலகை அச்சு அதற்கெனவே கராஜின் உட்சுவரில், 'வெளிப்பக்கம்' என்ற எழுத்துத் தெரியத் தொங்குகிறது. அறுவடைக்குப் பின் கையில் பணம் இருக்கும்போது அது கொழும்புக்குப் போகும்.

இயந்திரத்தை எடுத்துச் செல்லும் முன் ஓடாவியார் இளைஞரை உள்ளே அமரச் செய்து, இரு கதவுகளையும் வெளியிலிருந்து தம் முதுகாலும் ஒட்டு வேலைக்காரர் முதுகாலும் அழுத்தி மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தால் வெளியே வரவேண்டும் என்பது கட்டளை. முதல் முறை இளைஞரின் கை, பழைய கைபிடி இருந்த இடத்தையே தடவிற்று. மறுமுறை பூட்டைக் கண்டு திருகினார். தண்டுகள் தகட்டை மெல்ல உயர்த்தின. கலப்பையின் மேல் கால்வைத்து இறங்கினார். மூன்றாம் முறையும் இறக்கிப் பார்த்த பிறகே ஓடாவியார் கதவை விட்டு நகர்ந்தார். அன்று மாலையே இயந்திரம் வாகனேரிப் பக்கம் உழவுக்குப் போயிற்று.